மோசமான படத்துக்கும் டிக்கெட் எடுத்த காலம்



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை லிஃப்ட்டில் நம் 'பி' பிளாக் குடும்பம் ஒன்றைப் பார்த்தேன். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். சினிமா பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். "படம் எப்படி தம்பி?" என்று கேட்டேன். "அதை ஏன் சார் கேக்கறீங்க, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் தண்டம். இடைவேளையிலேயே எழுந்து வந்துட்டோம். இனிமே பத்து பேர் பார்த்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னாத்தான் தியேட்டர் பக்கம் போறது" என்றார். சின்னப் பையன் மட்டும், "எனக்குப் பிடிச்சுது தாத்தா" என்றான்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது பழக்க தோஷம். டிக்கெட் 190 ரூபாய் வீதம் நான்கு பேருக்கு 760. ஆன்லைன் பதிவுக் கட்டணம் நூற்றுச் சொச்சம். பாப்கார்ன், காபி, பார்க்கிங். ஆயிரத்து ஐந்நூறு என்று அவர் சொன்னது சரிதான், கோபமும் நியாயம்தான். ஆனால் ஒரு சந்தேகம் அன்று இரவு முழுக்க என்னை விடவில்லை. பத்து பேர் பார்த்துச் சொன்ன பிறகுதான் போவேன் என்று எல்லோரும் முடிவெடுத்துவிட்டால், அந்த முதல் பத்து பேர் யார்?

முன்பெல்லாம் அந்தப் பத்து பேருக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அவர்கள் எப்படி இருந்தார்கள், எப்படிக் காணாமல் போனார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

நம் சாலையும் சினிமாவும்

நம் வாசலில் ஓடும் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கும் சினிமாவுக்கும் நூறு வருடத்துக்கு மேற்பட்ட உறவு உண்டு. சாலையின் கிழக்குக் கோடியில், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே, ரிப்பன் மாளிகையை ஒட்டி விக்டோரியா பப்ளிக் ஹால் இருக்கிறது. சென்னைவாசிகள் அசையும் படத்தை முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், இதே சாலையிலிருந்து பிரியும் மில்லர்ஸ் சாலையில் நடராஜ முதலியார் 'கீசக வதம்' என்ற மௌனப் படத்தை எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் அது. 1934ல் ஏ. நாராயணன் சீனிவாசா சினிடோன் என்ற பேசும்பட ஸ்டூடியோவைத் தொடங்கியதும் இந்தப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில்தான். அதுவரை தமிழ்ப் பேசும் படம் எடுக்க பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ போக வேண்டியிருந்தது. அங்கே ஒலிப்பதிவு செய்தவர் அவருடைய மனைவி மீனாட்சி நாராயணன்.

மேற்கே போனால் செம்பரம்பாக்கம் பக்கம் ஈவிபி ஃபிலிம் சிட்டி. இரண்டுக்கும் நடுவில் நாம். குமணன்சாவடி, கரையான்சாவடி, வேலப்பன்சாவடி என்று இந்தப் பக்கத்தில் எத்தனை சாவடிகள்! சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். சினிமாவும் ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. என்ன படம் என்று பார்த்துப் போனதைவிட, இளைப்பாறப் போனதுதான் அதிகம்.

முதல் பேசும் படத்தின் லட்சணம்

தமிழ்நாட்டில் சினிமாவை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே ஊழியர், வயது இருபத்திரண்டு. 1905ல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜக்டரையும் இயேசுவின் வாழ்க்கை பற்றிய படத்தையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். மாதச் சம்பளம் வாங்குகிறவன் அந்தக் காலத்தில் இப்படி ஒரு முடிவெடுப்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும். பிறகு அவர் கோயம்புத்தூரில் நிலையாக வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார்.

1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் தியேட்டரில் 'காளிதாஸ்' வெளியானது. தமிழின் முதல் பேசும் படம் என்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதில் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார், கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். மகாகவி காளிதாசர் கதைக்கு நடுவே காந்தியின் ராட்டையைப் பற்றிப் பாட்டு வந்தது. இன்று இப்படி ஒரு படம் வந்தால் முதல் காட்சி முடிவதற்குள் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அன்று ஜனங்கள் படப்பெட்டிக்குத் தேங்காய் உடைத்து வரவேற்றார்கள் என்று சொல்வார்கள். திரையில் மனிதர்கள் பேசுகிறார்கள் என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று கிடையாது.

விமர்சனம் அன்றும் இல்லாமல் இல்லை. 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கல்கி ஆனந்த விகடனில் நாடகத்தையும் சங்கீதத்தையும் சினிமாவையும் வறுத்தெடுத்தார். பின்னாளில் விகடன் மதிப்பெண்ணே போட ஆரம்பித்தது. '16 வயதினிலே' படத்துக்கு 62.5 மார்க் கொடுத்ததை என் வயதுக்காரர்கள் இன்றும் மறக்கவில்லை. ஆனால் மார்க்கைப் பார்த்துவிட்டுப் படத்துக்குப் போனவர்கள் குறைவு. பெரும்பாலும் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் மார்க் சரியா என்று சண்டை போட்டோம்.

மணல் தரையில்

நான் சிறுவனாக இருந்தது காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்தில். டென்ட் கொட்டகை. மணல் தரை, பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் நாற்காலி. ஒரே புரொஜக்டர் என்பதால் ரீல் மாற்றுவதற்காக மூன்று இடைவேளை விடுவார்கள். மூன்று தடவையும் முறுக்கு விற்பார்கள். தரை டிக்கெட் சில பைசாதான். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து உட்கார்ந்துகொள்வோம்.

நகரத்தில் ஓடி முடித்து, சிறு ஊர்களைச் சுற்றிவிட்டுத்தான் பெட்டி எங்களுக்கு வரும். படம் முழுக்க மழை பெய்கிற மாதிரி கோடு விழும். அறுந்து ஒட்டியதில் பாட்டுக்கு நடுவில் சண்டை வந்துவிடும். அங்கே நான் பார்த்த படங்களில் முக்கால்வாசி சுமார், அதற்கும் கீழே சில. யாரும் எழுந்து போனதாக நினைவில்லை. என் அம்மா படம் பிடிக்காவிட்டால் பக்கத்தில் இருக்கும் சித்தியோடு வீட்டுக் கதை பேச ஆரம்பித்துவிடுவார். அப்பா துண்டைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிடுவார். மறுநாள் கிணற்றடியில் அந்த மோசமான படத்தைத் திட்டுவதே இன்னொரு காட்சி பார்த்த மாதிரி இருக்கும்.

கல்லூரியில் பி.காம். படிக்கச் சென்னைக்கு வந்தேன். அப்போது மவுண்ட் ரோடில் சஃபையர் வளாகம் இருந்தது. 1964ல் திறக்கப்பட்டது. சஃபையர், எமரால்டு, ப்ளூ டைமண்ட் என்று ஒரே கட்டடத்தில் மூன்று தியேட்டர். ப்ளூ டைமண்டில் தொடர்ச்சியாகப் படம் ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். மே மாத வெயிலில் ஏ.சி.க்காகவே டிக்கெட் எடுத்தவர்கள் உண்டு, நானும் அதில் ஒருவன். படத்தின் பின்பாதியை முதலில் பார்த்து, பிறகு முன்பாதியைப் பார்த்து, கொலைகாரன் யார் என்று தெரிந்தபின் கொலையைப் பார்த்திருக்கிறேன். படம் மோசமாக இருந்தாலும் குளிருக்குக் கொடுத்த காசு என்று மனம் சமாதானம் ஆகிவிடும்.

இது நமக்கு மட்டும் உரிய கதை அல்ல. பிரிட்டனில் 1946ல் ஒரே வருடத்தில் சுமார் 163 கோடி சினிமா டிக்கெட் விற்றது. வாரத்துக்கு மூன்று கோடிக்கு மேல். அத்தனையும் நல்ல படங்களா என்ன? வாரம் ஒரு முறை பக்கத்துத் தியேட்டருக்குப் போவது அவர்களுக்குப் பழக்கம், அவ்வளவுதான். வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்து அந்தப் பழக்கம் விட்டுப்போனது. 1984ல் அதே நாட்டில் விற்ற டிக்கெட் சுமார் 5 கோடியே 40 லட்சம்.

வீட்டுக்கு வந்த சினிமா

நம் ஊரில் சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15ல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைப் படத்துக்குத் தெருவே ஒரு வீட்டில் கூடும். தூர்தர்ஷன் எதைப் போட்டாலும் பார்த்தோம், ஏனென்றால் வேறு எதுவும் கிடையாது. எண்பதுகளில் வீடியோ டெக் வாடகைக்கு வந்தது. காலனிக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, ஒரே ராத்திரியில் மூன்று படம் பார்ப்போம். மூன்றாவது படம் எப்போதும் மகா மட்டமாகத்தான் இருக்கும். விடியும்போது விழித்திருப்பவர்கள் இரண்டு பேர்.

1993ல் சன் டிவி, அதன் பின்னால் கேபிள், சிடி, டிவிடி. இதையெல்லாம் தாங்கியும் தியேட்டர்கள் இருந்தன, ஆனால் ஒவ்வொன்றாக விழவும் ஆரம்பித்தன. சஃபையர் தொண்ணூறுகளிலேயே போய்விட்டது. சிவாஜி கணேசன் குடும்பத்தின் சாந்தி தியேட்டர் போனது. 1983ல் திறந்த அசோக் நகர் உதயம் 2024ல் மூடப்பட்டது. நம் பக்கத்துக்கு அதுவும் ஒரு பெரிய இழப்பு. கோயம்பேடு ரோகிணி, அம்பத்தூர் ராக்கி, மதுரவாயல் ஏஜிஎஸ் என்று நமக்கு இன்னும் சில மிச்சம் இருக்கின்றன.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடிய தியேட்டர்கள் தமிழ்நாட்டில் நவம்பர் 10ல்தான் திறந்தன. அதற்குள் மே மாதமே 'பொன்மகள் வந்தாள்' நேராக ஓடிடியில் வந்துவிட்டது. தியேட்டர் திறந்து இரண்டு நாள் கழித்து 'சூரரைப் போற்று' வீட்டிலேயே ஓடியது. வீட்டில் ஒரு படத்துக்கு நாம் கொடுக்கும் அவகாசம் பத்து நிமிடம். பிடிக்காவிட்டால் ரிமோட்.

வாராக்கடன் கணக்கு

இப்போது விலைக்கு வருகிறேன். சினிமா டிக்கெட்டுக்கு இங்கே கேளிக்கை வரி வந்தது 1939ல், சினிமாவையே விரும்பாத ராஜாஜி பிரதமராக இருந்த மாகாண ஆட்சியில். 2006ல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்கு வரிவிலக்கு கொடுத்தார்கள். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி., நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 28 சதவீதம். அதன்மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரி 30 சதவீதம் என்று அறிவித்ததும் தியேட்டர்களைச் சில நாள் மூடியே போராடினார்கள். பிறகு அது குறைக்கப்பட்டது. அதே வருடம் அக்டோபரில் மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டின் உச்ச விலை 120 ரூபாயிலிருந்து 150 ஆனது, வரி தனி. 2019 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். எல்லாம் கூட்டித்தான் டிக்கெட் விலை வருகிறது.

வங்கியில் நாங்கள் ஒரு பாடம் படித்தோம். கொடுக்கிற கடன் எல்லாம் திரும்பி வராது. கொஞ்சம் வாராக்கடன் ஆகும் என்று முன்பே ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் தொழில் செய்ய வேண்டும். ஒரு கடன்கூட வாராமல் போகக் கூடாது என்று மேனேஜர் பிடிவாதம் பிடித்தால், அவர் யாருக்கும் கடன் கொடுக்க மாட்டார். கிளையை இழுத்து மூட வேண்டியதுதான்.

சினிமா ரசிகர்களும் அந்தக் காலத்தில் இப்படித்தான் ஒதுக்கீடு வைத்திருந்தார்கள். பத்து படத்தில் ஆறு தேறாது என்று தெரியும். டிக்கெட் மலிவு என்பதால் அந்த ஆறையும் தாங்கினார்கள். அப்படிச் சும்மா போனவர்கள்தான் புது இயக்குநரின் படத்துக்கும், முகம் தெரியாத நடிகரின் படத்துக்கும் கிடைத்த முதல் பத்து பேர். அவர்கள் டீக்கடையில் சொல்லித்தான் படம் இரண்டாம் வாரம் பிடித்துக்கொள்ளும். இன்று ஒரு தவறான படத்தின் விலை ஆயிரத்து ஐந்நூறு. நம் குடியிருப்பில் வேலை செய்கிற செக்யூரிட்டிக்கும் துப்புரவுப் பணி செய்யும் அம்மாக்களுக்கும் அது பல நாள் உழைப்பு. இந்த விலையில் யாரும் வாராக்கடனுக்கு ஒதுக்க முடியாது. அதனால் பெரிய நடிகர் படத்துக்கு மட்டும் கூட்டம், அதுவும் முதல் மூன்று நாள். சின்னப் படம் வெள்ளிக்கிழமை வந்து, திங்கட்கிழமை காணாமல் போகிறது.

நஷ்டம் பார்வையாளருக்கு மட்டும் இல்லை. மினிமம் கேரன்டி என்று ஒரு முறை உண்டு. படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவ்வளவு தொகை என்று விநியோகஸ்தர் முன்கூட்டியே கொடுத்துவிடுவார். ஓடாவிட்டால் அவர் தலையில் துண்டு. 2002ல் 'பாபா' எதிர்பார்த்தபடி போகாதபோது ரஜினிகாந்த் விநியோகஸ்தர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். 2014ல் வந்த 'லிங்கா'வுக்கு நஷ்டஈடு கேட்டு விநியோகஸ்தர்கள் உண்ணாவிரதமே இருந்தார்கள்.

மோசம் என்று யார் சொல்வது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் தள்ளியதெல்லாம் மோசமான படம் இல்லை. 1954ல் ஏவிஎம் எடுத்த 'அந்த நாள்' படத்தில் பாட்டு கிடையாது, நடனம் கிடையாது. சிவாஜி கணேசன் தேசத் துரோகியாக வருவார். முதலில் வந்தபோது வியாபாரம் சரியில்லை. இன்று அதை விட்டுவிட்டுத் தமிழ் சினிமா வரலாறு எழுத முடியாது. 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' தியேட்டரில் ஓடவில்லை. பிறகு டிவியில் பார்த்துத் தலையில் வைத்துக் கொண்டாடினோம். நான் அதைத் தியேட்டரில் பார்க்கவில்லை, ஓடவில்லை என்று கேள்விப்பட்டதால். பத்து பேர் சொல்லட்டும் என்று நானும் அன்றைக்குக் காத்திருந்தவன்தான். அந்த 'பாபா'வே 2022 டிசம்பரில் திரும்ப வந்தபோது ஜனங்கள் கைதட்டிப் பார்த்தார்கள்.

நிஜமாகவே சரியில்லாத படம் என்றாலும் அதன் பின்னால் உழைப்பு குறைவாக இருப்பதில்லை. 2020 பிப்ரவரி 19 இரவு, நம் சாலையிலேயே இருக்கும் ஈவிபி ஃபிலிம் சிட்டியில் 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து மூன்று தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். படம் 2024 ஜூலையில் வந்தது. விமர்சனங்கள் கடுமையாக இருந்தன, வெளியான பிறகு நீளத்தைக் கூடக் குறைத்தார்கள். எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் கேலி செய்ய வாய் வரவில்லை. அந்த மூன்று குடும்பங்களும் அந்தப் படத்தை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்ற நினைப்பு கடைசி வரை கூடவே இருந்தது.

ஒரு வேண்டுகோள்

டிக்கெட் விலையைக் குறைப்பது நம் அசோசியேஷன் கையில் இல்லை. மோசமான படத்தை வேண்டுமென்றே போய்ப் பாருங்கள் என்று சொல்லவும் வரவில்லை. ஆனால் நம் கையில் இருக்கிற ஒன்றைச் செய்யலாம்.

நம் குடியிருப்பில் ஓய்வுபெற்றவர்கள் நிறைய பேர் இருக்கிறோம். பகல் பொழுது நமக்குக் கிடக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரு வாரநாள் மதியக் காட்சிக்கு, பக்கத்தில் கட்டணம் குறைவாக உள்ள தியேட்டராகப் பார்த்துச் சேர்ந்து போவோம். கவுண்டரில் டிக்கெட் வாங்கினால் ஆன்லைன் கட்டணம் மிச்சம். வீட்டிலிருந்து சாப்பிட்டுவிட்டுப் போனால் பாப்கார்ன் செலவும் மிச்சம். தனியாக இருக்கும் பெரியவர்களை, முக்கியமாகத் துணையை இழந்தவர்களை, அழைத்துப் போவோம். அன்று ஓய்வில் இருக்கும் செக்யூரிட்டி தம்பி வர விரும்பினால் அவருக்கு ஆகும் டிக்கெட்டை நாம் பகிர்ந்துகொள்வோம். விடுமுறை நாளாக அமைந்தால் பிள்ளைகளும் வரட்டும். 'பி' பிளாக் பையனுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

அசோசியேஷன் அலுவலகத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் பெயரும் ஃபிளாட் எண்ணும் எழுதிவிடுங்கள். பத்து பேர் சேர்ந்தால் கிளம்பிவிடலாம். என்ன படம் என்று மட்டும் தயவுசெய்து கேட்க வேண்டாம். படம் நன்றாக இருந்தால் மற்றவர்களுக்கு வந்து சொல்வோம். நன்றாக இல்லையென்றால் திரும்பும் வழியில் டீ குடித்துக்கொண்டே திட்டுவோம்.